குடா

குடா என்பது கடல் நிலத்தினுள் வளைந்து புகுந்து, மூன்று பக்கம் கரையும் ஒரு பக்கம் திறந்த நீரும் கொண்டு அமையும் கடற்பகுதி ஆகும். ஏரி, பெரிய நீர்த்தேக்கம் ஆகியவற்றின் கரையில் இத்தகைய வளைவு அமைந்தாலும் புவியியலில் அதனைக் குடா என்றே குறிப்பர். விரிகுடா, வளைகுடா, குடாக்கடல், குடாநாடு ஆகிய சொற்கள் இதிலிருந்து தோன்றியவை. வங்காள விரிகுடா, பாக்கு விரிகுடா, மன்னார் வளைகுடா, பாரசீக வளைகுடா, கொட்டியாரக் குடா என்பன தமிழில் பெரிதும் வழங்கும் பெயர்களாகும்.

விரிகுடா, வளைகுடா ஆகிய இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பற்றித் தமிழில் தெளிவான வரையறை நிலைபெறவில்லை. பள்ளி நூல்களில் காணப்படும் விளக்கம் உலக வரைபடத்தோடு ஒத்துப்போவதும் இல்லை. ஒரு நீர்ப்பரப்பு குடாவா அன்றா என்பது வெறும் சொல்லாய்வு மட்டும் அன்று. அந்நீர் எந்த நாட்டுக்கு உரியது, அங்கு யார் வலை வீசலாம் என்பவையும் அதைப் பொறுத்துள்ளன.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய மாவட்டங்களைக் கொண்ட கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் அதன் மழை, வணிகம், தொல்பொருள் ஆகிய மூன்றிலும் குடாக்களுக்குப் பங்கு உண்டு. இக்கட்டுரையில் சில எடுத்துக்காட்டுகள் அப்பகுதியிலிருந்து தரப்படுகின்றன.

பெயர்

குடா என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் வளைவு, உட்குழிவு என்பதாகும். குடவு (வளைவு), குடங்கை (குவித்த உள்ளங்கை), குடைதல் (உள்ளே தோண்டுதல்) முதலிய சொற்களிலும் இப்பொருள் காணப்படுகிறது. உள்ளங்கையைச் சற்றே குவித்து நீர் அள்ளும்போது அமையும் வடிவத்தை நினைத்துக்கொண்டால் குடா என்பதன் வடிவம் எளிதில் விளங்கும். நீரைத் தாங்கும் விரல்களும் உள்ளங்கையும் கரை. மணிக்கட்டுக்கு எதிர்ப்புறம் உள்ள திறப்பு குடாவின் வாய்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'கல்ஃப்' என்ற சொல்லும் இதே போன்ற ஒரு கருத்திலிருந்தே பிறந்தது. அது கிரேக்க மொழியில் மார்பு, ஆடையின் மடிப்பு என்று பொருள்படும் 'கோல்பொஸ்' என்ற சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்ததாகும். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி, இன்றைய மன்னார் வளைகுடாவைக் கொற்கையின் பெயரால் 'கொல்கிக் கோல்பொஸ்' எனக் குறித்தார். அக்காலத்தில் அந்நீருக்குப் பெயர் தந்தது அதன் கரையில் இருந்த முத்துத் துறைமுகமே என்பது இதனால் தெரிகிறது.

குடாக்கடல் என்பதைக் குடகடல் என்பதோடு மயக்குதல் கூடாது. பழந்தமிழில் 'குட' என்பது மேற்கு எனப் பொருள்படும். குடகு, குடமலை என்பவற்றில் உள்ளது அச்சொல்லே. ஆகவே குடகடல் என்றால் மேலைக் கடல், அதாவது அரபிக்கடல். கிழக்கே உள்ளது குணகடல். கொங்கு நாட்டுக்கு மிக அருகில் உள்ள கடல் குடகடல்தான். ஆனால் கேரளக் கரையோரமாகச் செல்லும் அக்கடலில் பெரிய குடாக்கள் இல்லை. கரை பெரும்பாலும் நேர்க்கோடாக ஓடுகிறது. அங்கு மரக்கலங்களுக்குப் புகலிடமாக இருந்தவை ஆற்று முகங்களும் காயல்களுமே ஆகும். ஓர் எழுத்து வேறுபாட்டில் பொருள் ஏறத்தாழ எதிர்மாறாகிவிடுவதால் பழைய நூல்களைப் படிப்போர் கவனம் கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவைச் சுருக்கி 'மன்னார்க் குடா' என்று எழுதும்போது அதனைத் திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடி எனப் பிழையாகப் படிப்பவரும் உண்டு.

விரிகுடாவும் வளைகுடாவும்

சொற்களின் நேர்ப்பொருளைக் கொண்டு பார்த்தால், விரிகுடா என்பது விரிந்த வாயை உடைய குடா. வளைகுடா என்பது கரை வளைந்து சூழ்ந்து, வாய் ஒப்பீட்டளவில் குறுகிய குடா. இவ்விளக்கம் வங்காள விரிகுடாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் நன்கு பொருந்துகிறது. முன்னையது தெற்கே முழுவதும் திறந்து இந்தியப் பெருங்கடலோடு கலக்கிறது. பின்னையது ஓர்முசு நீரிணை என்ற குறுகிய வாய் வழியாக மட்டுமே வெளிக்கடலோடு தொடர்பு கொண்டுள்ளது.

ஆனால் தமிழகக் கரையிலேயே இவ்விளக்கம் பொருந்தாமல் போகிறது. பாக்கு விரிகுடா, வடக்கே கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணையாலும், தெற்கே இராமேசுவரம் தீவு, இராமர் பாலம், மன்னார்த் தீவு ஆகியவற்றாலும் ஏறக்குறைய முழுவதுமாகச் சூழப்பட்டுள்ளது. மன்னார் வளைகுடாவோ தெற்கு நோக்கி அகன்று விரிந்து பெருங்கடலோடு சேர்கிறது. சொல்லின் பொருளை மட்டும் நோக்கினால் முன்னையதை வளைகுடா என்றும் பின்னையதை விரிகுடா என்றும் அழைப்பதே பொருத்தம். பெயர்கள் மாறி அமைந்ததற்குக் காரணம் எளியது. ஆங்கிலேயரின் வரைபடங்களில் 'பே' என்று இருந்ததை விரிகுடா என்றும், 'கல்ஃப்' என்று இருந்ததை வளைகுடா என்றும் தமிழில் ஆக்கிக்கொண்டனர். தமிழ்ப் பெயர் நீரின் வடிவத்தைப் பார்த்து வைத்தது அன்று. ஆங்கிலப் பெயரைப் பார்த்து வைத்தது.

ஆங்கிலத்திலும் இச்சொற்களுக்கு உறுதியான அளவுகோல் இல்லை. 'வளைகுடா பெரியது, விரிகுடா சிறியது' என்று கூறப்படுவது உண்டு. வங்காள விரிகுடாவின் பரப்பு 20 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மிகுதியானது. உலகின் மிகப்பெரிய விரிகுடா அதுவே. பாரசீக வளைகுடாவின் பரப்பு ஏறத்தாழ 2.5 இலட்சம் சதுர கிலோமீட்டர் மட்டுமே. கனடாவின் அட்சன் விரிகுடா அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. எனவே அளவைக் கொண்டு பெயரைத் தீர்மானிக்க இயலாது. பெயரைக் கொண்டு அளவை ஊகிக்கவும் இயலாது.

மிக அகன்று, சற்றே உள்வளைந்த கரையை ஆங்கிலத்தில் 'பைட்' என்பர். ஆத்திரேலியாவின் தெற்குக் கரையில் உள்ளது இவ்வகையைச் சேர்ந்தது. தமிழில் இதற்குத் தனிச்சொல் வழக்கில் இல்லாமையால் அதனையும் 'பெரும் ஆத்திரேலிய விரிகுடா' என்றே எழுதுகின்றனர். இவ்விடத்தில் விரிகுடா என்னும் சொல் தன் நேர்ப்பொருளில் மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது என்பது கருதத்தக்கது.

நாளிதழ்களில் அடைமொழி எதுவுமின்றி 'வளைகுடா' என்று வந்தால் அது பெரும்பாலும் பாரசீக வளைகுடாவையும் அதன் கரையில் உள்ள அரபு நாடுகளையும் குறிக்கும். 1990-91 இல் நடந்த வளைகுடாப் போருக்குப் பின் இவ்வழக்கு தமிழில் வேரூன்றிவிட்டது. கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களிலும் 'வளைகுடா' என்ற சொல் அனைவருக்கும் விளங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் அங்கு அது நீரைக் குறிப்பதில்லை. வேலைக்குச் செல்லும் நாட்டைக் குறிக்கிறது.

இலங்கை வழக்கு

இலங்கைத் தமிழில் குடா என்னும் சொல் அடைமொழி இன்றியே மிகுதியாக வழங்குகிறது. திருகோணமலையை அடுத்துள்ள கொட்டியாரக் குடா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை இக்குடாவில் கலக்கிறது. 17 ஆம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பதற்காக இங்கு நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பல் ஒன்றிலிருந்தே இராபர்ட் நொக்சு என்பவர் கண்டி அரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டில் இருந்து, 1679 இல் தப்பிச் சென்ற அவர் எழுதிய நூல் இலங்கை வரலாற்றுக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும்.

தமிழகத்தில் தீபகற்பம் எனப்படுவது இலங்கையில் குடாநாடு எனப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு என்பது அவ்வாறு வந்த பெயர். குடா என்பது நிலத்துள் புகுந்த நீர். குடாநாடு என்பது நீருள் நீண்ட நிலம். ஒன்று மற்றொன்றின் மறுதலை. இலங்கை நூல்களைப் படிக்கும் தமிழக வாசகர் குடாநாடு என்பதைக் குடாக்கரையில் உள்ள நாடு என்று பொதுவாகக் கொண்டுவிடலாம்; அது நிலவடிவத்தைக் குறிக்கும் கலைச்சொல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தீபகற்பம் என்பதற்குத் தீவக்குறை என்ற தமிழ்ச்சொல்லும் உண்டு. எனினும் மக்கள் வழக்கில் நிலைபெற்றது குடாநாடே.

ஒத்த பிற நீர்நிலைகள்

இரு பக்கமும் திறந்து, இரண்டு கடல்களை இணைக்கும் ஒடுங்கிய நீர் நீரிணை (ஜலசந்தி) எனப்படும். மணல்திட்டு ஒன்றால் கடலிலிருந்து பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருப்பது காயல். இலங்கையில் இதனைக் களப்பு என்றும் கடனீரேரி என்றும் கூறுவர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரில் இச்சொல் உள்ளது. ஆறு கடலோடு கலக்கும் இடம் கழிமுகம். இவற்றுக்கு இடையே உள்ள எல்லை எப்போதும் கூர்மையானது அன்று. குடாவின் வாயில் மணல் சேர்ந்து அடைத்தால் அது காலப்போக்கில் காயலாக மாறும்.

தோன்றும் முறை

கரையோரப் பாறைகள் எல்லா இடத்திலும் ஒரே கடினத்தன்மை உடையன அல்ல. மென்மையான பாறையை அலைகள் விரைவாக அரிக்க, அவ்விடம் உட்குழிந்து குடாவாகிறது. கடினப் பாறை எஞ்சி நின்று முனையாகிறது. குடா தோன்றியபின் அலைகளின் செயல் மாறுகிறது. ஆழமற்ற நீரில் அலைகள் வேகம் குறைந்து திரும்புவதால், அவற்றின் ஆற்றல் இரு பக்க முனைகளிலும் குவிந்து குடாவின் உட்பகுதியில் பரவித் தளர்கிறது. இதனால் முனைகள் தேய, குடாவினுள் மணல் படிகிறது. குடாக்கரைகளில் மணற்பரப்பும் படகுத்துறையும் அமைவதற்கு இதுவே காரணம்.

மற்றொரு முறை ஆற்றுப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்குவது. கடந்த பனியூழி முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது உலகெங்கும் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கடல்நீர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுள் ஏறி, கிளைவிட்ட குடாக்களைத் தோற்றுவித்தது. இதைக் கண்ணால் காண விரும்புவோர் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் இதே செயல் சில ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளது. காவிரியின் பள்ளத்தாக்கில் நீர் உயர்ந்தபோது பக்கத்து ஓடைகளின் வழியாகவும் அது உள்ளே ஏறியது. மேடுகள் முனைகளாகவும் ஓடைகள் குடாக்களாகவும் மாறின. நீர்மட்டம் பெரிதும் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிய கோயிலின் நந்தி சிலையும் கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைக் காணலாம். அப்போது குடாக்கள் மறைந்து பழைய ஓடைகள் மீள்கின்றன. 1955 இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலும் பவானி, மாயாறு ஆகிய இரண்டின் பள்ளத்தாக்குகளிலும் நீர் இரு கைகளாக நீண்டு நிற்கிறது.

நிலவோட்டின் அசைவால் தோன்றுபவை மிகப் பெரிய குடாக்கள். வங்காள விரிகுடா, இந்திய நிலத்தட்டு பண்டைய கோண்டுவானாப் பெருநிலத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்ததன் விளைவாக உருவானது. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் அதன் அடித்தளத்தில் பல கிலோமீட்டர் தடிப்புக்குப் படிந்துள்ளது.

குடாவின் வடிவம் புயலின் விளைவையும் மாற்றும். வங்காள விரிகுடா வடக்கே செல்லச்செல்லப் புனல்போல் ஒடுங்குகிறது. அடித்தளமும் ஆழம் குறைகிறது. புயற்காற்று தள்ளிவரும் நீர் பரவ இடமின்றி உயர்கிறது. 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குக் காற்றைவிட இவ்வாறு எழுந்த நீரே முதன்மைக் காரணமாகும்.

பாக்கு விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும்

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பொதுவான இவ்விரு குடாக்களும் அடுத்தடுத்து இருந்தும் இயல்பில் பெரிதும் வேறுபட்டவை. பாக்கு விரிகுடா ஆழமற்றது. 15 மீட்டரைத் தாண்டும் இடங்கள் அரிது. சேறும் மணலும் கொண்ட அடித்தளத்தில் கடற்புற்கள் செறிந்து வளர்கின்றன. மன்னார் வளைகுடாவில் கரையோரம் பவளப் பார்களும் தீவுகளும் உள்ளன. தெற்கே செல்லும்போது ஆழம் 1,000 மீட்டரையும் கடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இராமர் பாலத்தின் மணல்திட்டுகள் ஒரு தடுப்புப் போல் அமைந்துள்ளன.

பாக்கு என்னும் பெயருக்கும் கமுகம் பாக்குக்கும் தொடர்பு கிடையாது. அது 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயராகும். தமிழகத்தில் 'பாக் நீரிணை', 'பாக் ஜலசந்தி' என்றும், இலங்கையில் 'பாக்கு நீரிணை' என்றும் எழுதுவது வழக்கம். தமிழகச் செய்தித்தாள்களில் 'பாக் வளைகுடா' என்றும் காணப்படுகிறது. மேலே கூறியவாறு, பொருள் நோக்கில் அது தவறன்று எனலாம். ஆயினும் நிலைபெற்ற பெயரை மாற்றினால் எந்த நீரைக் குறிக்கிறது என்ற குழப்பமே மிஞ்சும்.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற நீரும் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001 இல் யுனெசுகோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா (கடற்பசு) என்னும் பாலூட்டி இரு குடாக்களிலும் காணப்படுகிறது. அதனைக் காக்கும் பொருட்டு 2022 இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம், பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இது.

சட்டத்தில் குடா

1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 10 ஆம் உறுப்பு குடாவுக்கு அளவு அடிப்படையில் வரையறை தருகிறது. குடாவின் வாயின் இரு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைக்க வேண்டும். அக்கோட்டை விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரைந்தால், குடாவின் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் அது சட்டப்படி குடா அன்று; வெறும் கரை வளைவே.

எடுத்துக்காட்டாக, வாய் 20 கிலோமீட்டர் அகலமானால் அரைவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 157 சதுர கிலோமீட்டர். உள்ளே 160 சதுர கிலோமீட்டர் நீர் இருந்தால் அது குடா. 150 மட்டும் இருந்தால் அன்று. வரைபடத்தில் அதன் பெயர் விரிகுடா என்று இருக்கிறதா, வளைகுடா என்று இருக்கிறதா என்பதைச் சட்டம் நோக்குவதில்லை.

இத்தேர்வில் தேறிய குடாவின் வாய் 24 கடல் மைலுக்கு (சுமார் 44 கிலோமீட்டர்) மேற்படாது இருந்தால், வாயில் கோடு வரைந்து உள்ளே உள்ள நீர் முழுவதையும் அந்நாடு தன் உள்நாட்டு நீராகக் கொள்ளலாம். ஓர் ஏரியின் மீது உள்ள உரிமைக்கு ஏறக்குறைய ஒப்பான உரிமை அது. பிறநாட்டுக் கப்பல் தீங்கின்றிக் கடந்து செல்லும் பொது உரிமையும் அங்குக் கிடையாது.

பாக்கு விரிகுடா இவ்விதிக்குள் அடங்குவதில்லை. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே உள்ள வாய் 50 கிலோமீட்டருக்கும் மிகுதி. அதைவிட முதன்மையாக, 10 ஆம் உறுப்பு கரை முழுவதும் ஒரே நாட்டுக்கு உரிய குடாக்களுக்கு மட்டுமே பொருந்தும். பாக்கு விரிகுடாவின் கரை இரு நாடுகளுக்கு உரியது. ஆகவே இங்கு வேறொரு கருத்து துணைக்கு வந்தது. நெடுங்காலமாக ஒரு நாடு தடையின்றி ஆண்டுவந்த நீர், அளவுத்தேர்வில் தேறாவிட்டாலும் 'வரலாற்று வழி நீர்' என ஏற்கப்படலாம் என்பதே அது. பாக்கு விரிகுடாவின் சங்குப் படுகைகள் பற்றி 1904 இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, இக்குடாவைத் திறந்த கடலாகக் கொள்ளாமல் நிலத்தால் சூழப்பட்ட, ஆட்சிக்கு உட்பட்ட நீராகவே கண்டது. 1921 இல் சென்னை, இலங்கை அரசுகளின் பேராளர்கள் மீன்பிடிப்பு எல்லை பற்றிக் கொழும்பில் பேசினர்.

விடுதலைக்குப் பின், 1974 சூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணை முதல் இராமர் பாலம் வரையிலான எல்லையை உடன்படிக்கை மூலம் வரைந்தன. கச்சதீவு இலங்கைப் பக்கம் அமைந்தது இவ்வெல்லைக் கோட்டினால்தான். 1976 மார்ச்சில் செய்யப்பட்ட மற்றோர் உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லையை நீட்டியது. இலங்கை 1977 இல் வெளியிட்ட அறிவிப்பில், பாக்கு விரிகுடாவில் உள்ள வரலாற்று வழி நீர் உள்நாட்டு நீர் என்றும், மன்னார் வளைகுடாவில் உள்ளது ஆட்சிக்கடல் என்றும் வேறுபடுத்தியது. சூழப்பட்ட குடாவுக்கு ஒரு தகுதி, திறந்த குடாவுக்கு வேறொரு தகுதி.

கோட்டின் இரு புறத்தாரும் தலைமுறைகளாக ஒரே நீரில் மீன்பிடித்தவர்கள். ஒடுங்கிய, ஆழமற்ற குடாவில் இறாலும் மீனும் செறிந்திருப்பதாலும், இராமேசுவரத்திலிருந்து சிறிது தொலைவிலேயே எல்லை வந்துவிடுவதாலும் விசைப்படகுகள் அதைக் கடப்பது வழக்கமாயிற்று. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி வலைகள் இலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளையும் கடற்புல்லையும் அழிக்கின்றன. உள்நாட்டுப் போர் 2009 இல் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபின் பூசல் கூர்மையடைந்தது. இலங்கை 2017 இல் இம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. தமிழக மீனவர் கைதாவதும், படகுகள் பறிமுதலாவதும், கடந்த காலத்தில் பலர் உயிரிழந்ததும் தமிழகத்தில் பெரும் துயராகப் பேசப்படுகின்றன. மறுகரையில் உள்ளவர்களும் தமிழ் பேசும் மீனவரே என்பது அப்பேச்சில் பல நேரங்களில் இடம்பெறுவதில்லை.

கொங்கு நாடும் குடாக்களும்

கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையின் ஒரு பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தாலும், சமவெளி ஆண்டு மழையின் பெரும்பங்கை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெறுகிறது. அதாவது, வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழ்வழுத்தங்களே இங்குள்ள குளங்களை நிரப்புகின்றன. குடகடல் அருகில் இருந்தும் நீர் தருவது தொலைவில் உள்ள குணகடல் என்பது மலையின் செயலாகும்.

சென்னிமலைக்கு அருகே நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கியதற்கும் மணிக்கற்களைப் பட்டை தீட்டியதற்கும் சான்றுகள் கிடைத்தன. அங்குக் கிடைத்த பொருள்களுள் சங்கு வளையல் துண்டுகளும் அடங்கும். மணிக்கற்களுள் பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைப்பது. சங்கோ கடலில் மட்டுமே கிடைப்பது. சங்குக்குப் பெயர்பெற்ற பழங்காலத் துறைகள் கொற்கையும் அதை ஒட்டிய மன்னார் வளைகுடாக் கரையுமே. ஆற்றுவழியும் கணவாயும் கொங்கை மேலைக்கடலின் முசிறியோடு இணைத்ததைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. வெள்ளலூர், கரூர் முதலிய இடங்களில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் அதற்குச் சான்று. கிழக்குக் குடாவோடு இருந்த தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்று திருப்பூரின் பின்னலாடைகள் கொச்சி, தூத்துக்குடி ஆகிய துறைமுகங்கள் வழியாக ஏற்றுமதியாகின்றன. கொச்சி வேம்பநாட்டுக் காயலின் வாயில் அமைந்த துறைமுகம். காயலே அதற்கு இயற்கைப் பாதுகாப்பு. தூத்துக்குடி மன்னார் வளைகுடாவின் கரையில் இருந்தும், அக்குடா விரிந்த வாய் உடையதாகவும் கரையோரம் ஆழமற்றதாகவும் இருப்பதால் கப்பல்கள் முற்காலத்தில் சில மைல் தொலைவில் நங்கூரமிட வேண்டியிருந்தது. சரக்கைத் தோணிகளில் ஏற்றிச் சென்றனர். இப்போதைய துறைமுகம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுள் நீட்டி அமைக்கப்பட்டது. இயற்கை தராத குடாவைக் கல்லால் கட்டிக்கொண்டது என்றே இதனைக் கூறலாம். 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இது, 2011 இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

வ. உ. சிதம்பரனார் 1906 இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் மன்னார் வளைகுடாவைக் கடந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதுவரை அவ்வழியில் தனியாட்சி செய்துவந்த பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு அது நேரடிப் போட்டியாயிற்று. 1908 இல் அவர் கைதாகித் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர் நடுவண் சிறையில் அடைக்கப்பட்டார். 1910 வரை அங்கு இருந்தார். அங்கு அவர் இழுத்த கல்செக்கு அச்சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது.